ஏலக்காய்க் கடையின் செக்அவுட் மட்டும் ஏன் இழுக்கிறது?

அண்ணே, குமுளியிலிருந்து வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் மென்பொருள்) ஏலக்காய் விற்கிறீர்கள், முகப்பு சட்டென்று திறக்கிறது, கார்ட்டும் செக்அவுட்டும் மட்டும் இழுக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். கம்பத்தில் இரண்டு கடைகளுக்கு இதே வேலையைப் பார்க்கிறேன்.

அந்தப் பக்கங்களைக் கேஷில், அதாவது ஒருமுறை தயாரித்ததைச் சேமித்து எல்லோருக்கும் காட்டும் இடத்தில், வைக்கவே கூடாது. ஒருவர் முகவரி அடுத்தவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் தளத்தை வேகப்படுத்தும் சில பிளக்இன்கள் (கூடுதல் மென்பொருள்கள்) இந்தப் பக்கங்களைக் கேஷிலிருந்து விலக்கும்போது, அவற்றின் கோப்புகளைச் சுருக்கும் வேலையையும் சேர்த்தே விட்டுவிடும். கோப்புகளைச் சுருக்கும் ஆட்டோப்டிமைஸ் பிளக்இனில் கார்ட், செக்அவுட்டுக்கென்றே தனி டிக் இருக்கிறது.

இருந்தாலும், சுருக்குவதைவிட நீக்குவதில்தான் பலன் அதிகம். குரோமில் இன்காக்னிட்டோ திறந்து, கால் கிலோ பாக்கெட் ஒன்றைக் கார்ட்டில் போட்டு செக்அவுட்டுக்குப் போங்கள். குரோமின் டெவ்டூல்ஸில் கவரேஜ் என்ற பகுதியைத் திறந்து ரீலோடு செய்தால், இறங்கிய கோப்புகளில் அந்தப் பக்கத்துக்குப் பயன்படாத பகுதி சிவப்பாகத் தெரியும். போன வாரம் ஒரு கடையில் முகப்பு ஸ்லைடரின் கோப்புகளும் தொடர்புப் படிவத்தின் கோப்புகளும் செக்அவுட்டில் இறங்கிக்கொண்டிருந்தன, யாருக்கும் உதவாமல்! சைல்டு தீமில் (தீமின் மூலக் கோப்புகளைத் தொடாமல் மாற்றம் செய்யும் துணைத் தீம்) ‘செக்அவுட் என்றால் இவை வேண்டாம்’ என்று நிபந்தனை எழுதினோம், சரியாகிவிட்டது.

பணம் வாங்கும் பேமெண்ட் கேட்வே ஸ்கிரிப்டையும், பல ஸ்கிரிப்டுகள் நம்பியிருக்கும் ஜேகுவரியையும் மட்டும் தாமதமாக இறங்கும்படி தள்ளிப்போடாதீர்கள். நான் ஒருமுறை அப்படி டிலே கொடுத்ததில், ஆர்டர் பொத்தான் அசையாமல் நின்றது. ஒரு பகல் முழுக்க வியாபாரம் போயிற்று. பேக்கப் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக நீக்குங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு டெஸ்ட் ஆர்டர் போடுங்கள். அதுவும் வைஃபையில் வேண்டாம். வண்டிப்பெரியார் இறக்கத்தில் கிடைக்கிற சிக்னலில் போட்டுப் பாருங்கள்.