தோட்டம் கேள்வி-பதில்: அடீனியம் காய்க்கவே மாட்டேன் என்கிறதா?

மொட்டை மாடியில் மூன்று தொட்டி அடீனியம் (பாலைவன ரோஜா) வைத்திருக்கிறேன் அக்கா. மூன்றும் ஒரே சிவப்பு, பூவுக்குக் குறைவே இல்லை, ஆனால் ஒரு காய் பிடித்ததில்லை. பூவுக்குள் பிரஷ் விட்டுச் சுற்றியும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

முதலில் ஒன்று சொல்லுங்கள், மூன்றும் ஒரே செடியிலிருந்து கிளை ஒடித்து வைத்ததா? அப்படியானால் தொட்டிதான் மூன்று, செடி ஒன்றுதான். அடீனியம் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, அதனால் அந்த மூன்றுக்குள் எத்தனை முறை மாற்றி மாற்றி வைத்தாலும் காய் பிடிப்பது அபூர்வம். விதையில் வளர்ந்த வேறொரு செடியோ வேறு ரகத்தின் ஒட்டுச் செடியோ வேண்டும். பக்கத்து வீட்டில் இருந்தால் காலையில் புதிதாக விரிந்த பூ ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள், அது போதும்.

அப்புறம் பிரஷ் விஷயம். பூக்குழாய்க்குள் பிரஷ்ஷைச் சுற்றினால் மகரந்தம் ஒட்டவே ஒட்டாது, ஏனென்றால் அது வெளியில் இல்லை. வாங்கி வந்த பூவின் குழாயை நகத்தால் நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். அடியில் ஐந்து மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூம்பாக நிற்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் ரோமம் படர்ந்த நீள வால் ஒன்று மேலே போகும். கூம்பின் உள்ளே மேல்பகுதியில்தான் வெளிர்மஞ்சள் தூள் அப்பிக்கொண்டு இருக்கும். பல் குத்தும் குச்சியால் நுனியைப் பிரித்து அதை எடுங்கள். சூலகமுடியும் (பூவின் பெண் உறுப்பின் நுனி) அதே கூம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் மகரந்தம் பிடிக்கும் இடம் தூளுக்குக் கீழே. பூ தன் தூளைத் தன் மேலேயே கொட்டிக்கொள்ளாமல் இருக்க இப்படி ஓர் அமைப்பு! அதனால் தாய்ச் செடியில், அதாவது காய் பிடிக்க வேண்டிய உங்கள் செடியில், பூவைப் பறிக்காமல் குழாயின் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு, பக்கத்துப் பக்கத்துப் பைகள் இரண்டுக்கு நடுவே தெரியும் இடுக்கில், கூம்பின் கீழ்ப்பாதியில், அந்தத் தூளை மெல்லத் திணியுங்கள். இரண்டு மூன்று இடுக்குகளில் வைத்தால் வாய்ப்பு கூடும்.

மழை நாளில் வேண்டாம், நனைந்த மகரந்தம் கெட்டுவிடும். பிடித்திருந்தால் இதழ் உதிர்ந்த பிறகும் காம்பு உதிராது, அடியில் ஆட்டுக்கொம்பு மாதிரி ஜோடியாகக் காய் நீளும். முற்ற இரண்டு மூன்று மாதம் ஆகும். இங்கேதான் உங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை: விதையின் இரண்டு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் இருக்கும், காய் வெடிக்கும் நாளில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் மொத்த விதையும் அடுத்த தெருவில்தான். பச்சை நிறம் மங்கத் தொடங்கியதுமே நூலால் மூன்று நான்கு இடத்தில் கட்டிவிடுங்கள், அல்லது வலைத்துணிப் பை மாட்டுங்கள்.

கிழிக்கும்போது வடியும் பாலைக் கண்ணில் பட விடாதீர்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆப்பிரிக்காவில் இதன் சாற்றை அம்பு நுனியில் விஷமாகத் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். ஆடும் குழந்தையும் எட்டாத இடத்தில்தான் தொட்டி இருக்க வேண்டும்.

அடீனியம் விதை நன்றாக முளைக்கிறது, ஆனால் பத்துப் பதினைந்து நாளில் தண்டு அடியில் பழுத்துச் சாய்ந்துவிடுகிறது. சாரல் காலத்தில்தான் போட்டேன். அதுதான் காரணமா?
– வாசகர், செங்கோட்டை

அதுவேதான். இது நாற்றழுகல், மண்ணில் இருக்கும் பூஞ்சையின் வேலை. ஈரம் காயாமல் காற்றும் ஓடாமல் இருந்தால் ஒரே ராத்திரியில் தட்டு முழுவதையும் சாய்த்துவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் ஊரில் விதைக்காமல் இருப்பதே நல்லது. பிப்ரவரி, மார்ச்சில் போடுங்கள். தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம். சலித்த பருமணல் இரண்டு பங்கு, கழுவிய தென்னைநார்த் தூள் ஒரு பங்கு, விதைப்பதற்கு முன் அதன் மேல் கொதிக்கிற வெந்நீர் ஊற்றி ஆறவிடுங்கள். விதையைப் படுக்கை வாக்கில் வைத்து மேலே மெல்லிசாக மணல் தூவினால் போதும். புது விதை ஒரு வாரத்துக்குள் தலை நீட்டிவிடும். அதுவரைதான் தட்டை மூடி வைக்க வேண்டும். முளைத்ததும் மூடியை எடுத்துவிட்டு, காலை வெயில் காட்டி, மேல் மணல் காய்ந்த பிறகு அடியிலிருந்து தண்ணீர் உறிஞ்ச விடுங்கள். ஒன்று சாய்ந்தால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மற்றவற்றுக்கு காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றலாம்.

பொறுமையாகப் பாருங்கள் சார், அடி பருத்து உருண்டு வருகிற அழகு விதைச் செடிக்குத்தான் இயல்பாக வரும். கிளை ஒடித்து வைத்ததில் அது அவ்வளவு அமையாது.

ஆன்லைனில் நீல நிற அடீனியம் விதை விற்கிறார்கள், படம் பிரமாதமாக இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, நகரி

வாங்காதீர்கள் அம்மா. அடீனியத்தில் நீலப் பூ கிடையாது, அந்தப் படத்தில் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிஜமான சிவப்புச் செடியின் விதையாகவே இருந்தாலும் பிள்ளைச் செடி தாயின் நிறத்திலேயே பூக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதே நிறம்தான் வேண்டும் என்றால் ஒட்டுச் செடி வாங்குங்கள். என்ன நிறம் வருமோ என்று ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் காத்திருக்கப் பிடிக்கும் என்றால் விதை போடுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

எங்கள் ஊர்க் குன்றுப் பாறையில் கள்ளிமுளையான் (சதைப்பற்றான தண்டுள்ள சின்னச் செடி) நிறைய இருக்கிறது. தொட்டியில் வைத்து அதற்கும் கையாலேயே மகரந்தம் சேர்க்க முடியுமா?
– மாணவர், குப்பம்

ஆசை நல்ல ஆசை தம்பி, ஆனால் அதன் மகரந்தம் தூளாக இருக்காது, ஜோடி ஜோடியாக மெழுகுக் கட்டியாக இருக்கும். பூதக்கண்ணாடியும் மெல்லிய ஊசியும் வைத்துக்கொண்டு அதை எடுத்து இன்னொரு பூவின் பிளவில் சரியாகச் செருகுவது பழகியவர்களுக்கே கஷ்டம். சின்ன ஈக்கள் அதைத் தேடி வந்து செய்துவிடும், தொட்டியை ஜன்னலுக்குள் வைக்காமல் திறந்த வெளியில் வைத்தாலே போதும். குன்றிலிருந்து செடியை வேரோடு பிடுங்கி வராதீர்கள், உடம்பு இளைக்க என்று சொல்லி விற்கும் மாத்திரைகளுக்காக ஏற்கெனவே இந்தச் செடிகளைத் தேடிப் பறிக்கிறார்கள். முற்றிய காய் ஒன்று போதும். குஞ்சத்தை நீக்கிவிட்டு, மேலே சொன்ன மணல் கலவையில் உடனே விதைத்துவிடுங்கள், வைத்திருந்து விதைத்தால் முளைப்பு குறையும். முதல் கோடையில் மட்டும் உச்சி வெயில் படாமல் பச்சை நிழல்வலையின் கீழ் வையுங்கள்.