சாப்பிட்ட பிறகு போட்டாலும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குமா?

அம்மா மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போடுகிறார், அப்புறமும் ஏன் வயிறு எரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாத்திரை இரைப்பையில் நேராகப் படுவது சின்ன விஷயம். இரத்தத்தில் கலந்தபின், இரைப்பையின் உட்புறச் சளிப்படலத்தைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் உற்பத்தியையே அது தடுக்கிறது; 1971இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் ஆஸ்பிரினை வைத்துக் கண்டுபிடித்தது இந்தத் தடையைத்தான். அதனால் ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம். மெடிக்கலில் வாங்கும் ஆன்டாசிட் ஜெல் எரிச்சலை அடக்குமே தவிர, புண்ணைத் தடுக்க அதை நம்ப முடியாது.

வயது 65ஐத் தாண்டியிருந்தாலோ, முன்பே அல்சர் வந்திருந்தாலோ, கூடவே ஆஸ்பிரினோ ஸ்டீராய்டோ எடுத்தாலோ, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதைக் காலை டிபனுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். பலர் டிபன் முடித்து இதையும் வலி மாத்திரையையும் சேர்த்து விழுங்குகிறார்கள், பலன் குறைந்துவிடும்.

மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.