மாத்திரைக்குள் ரோடியம் இருக்குமா?

கேள்வி: நீரிழிவுக்காக நான் சாப்பிட்டுவரும் சிட்டாகிளிப்டின் என்ற மருந்தை ரோடியம் என்னும் உலோகத்தை வைத்துத் தயாரித்ததாகவும், பின்னர் அதை விட்டு நொதிக்கு மாறியதாகவும் படித்தேன். அந்த உலோகம் மாத்திரையில் தங்கிவிடாதா? நொதிக்கு மாற வேண்டிய தேவை என்ன?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கரூர்

பதில்: அஞ்ச வேண்டியதில்லை. ரோடியம் மருந்தின் பகுதியன்று, வினையூக்கி; வினையை நடத்திக்கொடுத்துவிட்டுத் தான் செலவாகாமல் நிற்பது. ஆயினும் அதன் சுவடு மருந்தோடு வந்துவிடக்கூடும் என்பதால், கரித்தூளைக் கொண்டு அதை உறிஞ்சி நீக்குகிறார்கள். வாய்வழி மருந்துகள் மூலம் உடலுக்குள் செல்லும் ரோடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று பன்னாட்டு வழிகாட்டுதலும் உண்டு.

இனி, ரோடியம் எதற்குத் தேவைப்பட்டது என்பதைப் பார்ப்போம். நாம் உண்டதும் குடலில் சுரந்து இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோனை, டிபிபி-4 என்ற நொதி சில நிமிடங்களில் வெட்டிவிடுகிறது. அந்த நொதியின் பள்ளத்தில் சென்று அடைத்துக்கொள்வதுதான் சிட்டாகிளிப்டினின் வேலை. ஆனால் இம்மூலக்கூறில் அமினோ தொகுதி என்னும் நைட்ரஜன் கொண்ட பகுதி எந்தப் பக்கம் அமர்கிறது என்பதைப் பொறுத்து, வலக்கையும் இடக்கையும் போல இரண்டு வடிவங்கள் உண்டு; பள்ளத்தில் நன்றாகப் பொருந்துவது ஒன்றுதான். சாதாரணமாகத் தயாரித்தால் இரண்டும் சரிபாதியாக வரும். ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்து ஹைட்ரஜனைச் சேர்க்கும் ரோடியம் வினையூக்கியை மெர்க் நிறுவனத்தார் கையாண்டார்கள். நல்ல முறைதான். எனினும் அதற்கு உயர் அழுத்தக் கலன் வேண்டும், உலோகமோ அரியது. வேண்டாத வடிவமும் சிறிது கலந்து வந்ததால் மீண்டும் படிகமாக்கிப் பிரிக்க வேண்டியிருந்தது.

மெர்க்கும் கோடெக்சிஸ் நிறுவனமும் சேர்ந்து 2010இல் வெளியிட்ட மாற்று வழியை, இத்துறையின் மிக அழகான வேலைகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன். அமினோ தொகுதியை இடம் மாற்றித் தரும் பாக்டீரிய நொதி ஒன்றை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் அது இந்த மூலக்கூறைத் தொடவேயில்லை. அதன் பள்ளம் அவ்வளவு குறுகலாக இருந்தது. ஆகவே மூலக்கூறின் ஒரு பக்கத்தை நறுக்கிச் சிறிதாக்கிக் கொடுத்து, அதை ஏற்கும்படி பள்ளத்தை அகலப்படுத்திய பிறகே முழு மூலக்கூறையும் கொடுத்தார்கள். இவ்வாறு மாற்றுவதும் சிறந்ததைத் தேர்வதுமாகப் பதினொரு சுற்றுகள் கடந்தபோது, பாதிக்குப் பாதி கரிமக் கரைப்பான் கலந்த கலவையிலும் நொதி சளைக்காமல் வேலை செய்தது. இத்தகைய கரைப்பானில் சாதாரண நொதிகள் பெரும்பாலும் குலைந்துபோகும். நொதியை இப்படிப் படிப்படியாக வளர்த்தெடுக்கும் முறைக்கு வித்திட்ட பிரான்சிஸ் ஆர்னால்டுக்கு 2018இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அமினோ தொகுதியைத் தருவதற்குச் சேர்க்கும் ஐசோபுரொப்பைலமீன், வேலை முடிந்ததும் அசிட்டோனாக மாறுகிறது. நகச்சாயம் அழிக்கும் அதே திரவம்தான் அது. எளிதில் ஆவியாகும் அதை வெளியேற்ற வெளியேற்ற, வினை மருந்தின் பக்கமே நகர்கிறது. கிடைக்கும் மருந்தில் வேண்டாத வடிவம் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தது. கழிவும் 19 சதவீதம் குறைந்தது. உயர் அழுத்தக் கலனுக்கும் தேவையில்லாமல் போயிற்று.

இன்று பல நிறுவனங்கள் சிட்டாகிளிப்டினைத் தயாரிக்கின்றன. உங்கள் மாத்திரை எந்த வழியில் வந்தது என்பதை அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. எவ்வழியில் வந்தாலும் உள்ளிருக்கும் மூலக்கூறு ஒன்றேதான். எனவே இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.