மவுஸ் யார் கையில் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

பள்ளியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். வகுப்பு முடிந்தபின் புரோகிராமிங் சொல்லித்தர ஒரு குழு ஆரம்பித்தேன். தொடக்கத்தில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். இப்போது இரண்டு பேர்தான் வருகிறார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பையன்களும் நின்றுவிட்டார்கள். கேட்டால் "எங்களுக்கு இது வராது மிஸ்" என்கிறார்கள். ஆர்வம் இல்லாதவர்களை இழுத்துப் பிடிக்க முடியாது என்பது சக ஆசிரியரின் கருத்து. அவர்களுக்காகப் பாடத்தை எளிமையாக்குவதா, தனி வகுப்பு வைப்பதா?

அன்புடன்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பையன்களும் நின்றுவிட்டார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான வரியாகப் பட்டது. நின்றுபோனவர்கள் எல்லோருமே முன்பழக்கம் இல்லாமல் வந்தவர்கள். வீட்டில் தட்டிப் பழகிய பிள்ளை முதல் நாளே லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) எழுதிவிடும், நீங்கள் கேட்டு முடிக்கும் முன் பதிலும் சொல்லிவிடும். அதன் பின்னால் இரண்டு வருடப் பழக்கம் இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியாது. அவனுக்கு மூளை இருக்கிறது, நமக்கு இல்லை என்று முடிவு செய்துகொள்கிறாள். "வராது மிஸ்" அங்கேதான் பிறக்கிறது.

இது இயற்கையாக அமைந்த விஷயம் இல்லை. 1945இல் அமெரிக்காவின் ஆரம்பகால மின்னணுக் கணினியான எனியாக்குக்கு நிரல் அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பேரும் பெண்கள். அமெரிக்காவில் 1980களின் நடுவில் கணினி அறிவியல் பட்டம் வாங்கியவர்களில் ஏறக்குறைய 37 சதவீதம் பெண்கள். பிறகு அது பாதியாகக் குறைந்தது. அந்தக் காலத்தில்தான் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பையன்களின் விளையாட்டுப் பொருளாக விளம்பரம் செய்யப்பட்டன. வாங்கிய வீடுகளிலும் பெரும்பாலும் அது மகனின் அறைக்குத்தான் போனது.

சரி, இதைத் திருப்ப முடியுமா? முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம். 2000இல் 42 சதவீதம். முன்பே நிரல் எழுதிப் பழகியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைச் சேர்க்கையில் தளர்த்தினார்கள். வந்தவர்களின் முன்பழக்கத்துக்குத் தகுந்தபடி தொடக்கப் பாடங்களைப் பிரித்தார்கள். அதே நாட்டின் ஹார்வி மட் கல்லூரியும் 2006க்குப் பிறகு முதல் பாடத்தை அப்படியே பிரித்தது. அங்கும் பெண்கள் கூடினார்கள்.

அதனால் பாடத்தை எளிமையாக்க வேண்டாம் என்பேன். சலுகை என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும், அது இன்னும் குத்தும். பழகியவர்களுக்கு ஒரு நாள், புதியவர்களுக்கு ஒரு நாள் என்று குழுவைப் பிரித்துவிடுங்கள். பழகிய பெண் முதல் குழுவுக்குப் போகட்டும், பழகாத பையன் இரண்டாவதற்கு வரட்டும். சில மாதம் கழித்துச் சேர்த்துவிடலாம்.

அப்புறம், லேபில் ஒரு நாள் சும்மா நின்று கவனியுங்கள். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றால் மவுஸ் யாரிடம் இருக்கிறது? அனேகமாக ஒருவர் தட்டுவார், இன்னொருவர் நோட்டில் எழுதுவார். கால் மணிக்கு ஒருமுறை இடம் மாற்றிவிடுங்கள், கறாராக.

உங்கள் கையையும் கவனிக்கச் சொல்வேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பையனுக்கு எரர் வந்தால் "எந்த வரி என்று பார்" என்கிறோம். அமைதியான பெண்ணுக்கு வந்தால் பரிவோடு குனிந்து, விடுபட்ட அடைப்புக்குறியை நாமே போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அவளுடைய புரோகிராம் ஓடும், ஆனால் ஓடவைத்தது அவள் இல்லை. எரர் செய்தியை அவளையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வரி எண் அதிலேயே இருக்கும். கண்டுபிடிக்க பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

நின்றுபோனவர்களைப் பொது அறிவிப்பில் அழைத்தால் வரமாட்டார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இப்போதும் வருகிற அந்த இரண்டு பெண்களையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்.