கூட்டல், கழித்தல்: ரீச்சரிடம் கேளுங்கள்

கல்லடி: மகன் தரம் 1. 5+3 கேட்டால் முதல் ஐந்தையும் ஒன்றிலிருந்து எண்ணித்தான் வருகிறான். எப்படி நிறுத்துவது ரீச்சர்?

பதில்: நிறுத்த வேண்டாம் தங்கச்சி. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தொடங்குவார்கள். ஐந்து புளியங்கொட்டையை அவன் கண்முன்னே எண்ணிப் போட்டுச் சிரட்டையால் மூடுங்கள். வெளியே மூன்றை வையுங்கள். "உள்ளே எத்தனை? ஐந்து. சரி, மேலே எண்ணு." ஆறு, ஏழு, எட்டு. சில பிள்ளைகள் சிரட்டையின் மேலேயே ஐந்து தடவை தட்டி எண்ணுவார்கள். தட்டட்டும், போகப்போக நின்றுவிடும். அப்புறம் 2+6 கொடுங்கள். ஆறிலிருந்து தொடங்கினால் லேசு என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள். அதுவரை கொப்பியில் கூட்டல் குறி வேண்டாம்.

அக்கரைப்பற்று: மகள் 9−3 கேட்டால் 7 என்கிறாள். எத்தனை தடவை திருத்தினாலும் அதே விடைதான்.

பதில்: கவனக்குறைவு என்று ஏசாதீர்கள். "ஒன்பது, எட்டு, ஏழு" என்று மூன்று எண் சொல்லி நிற்கிறாள். ஒன்பதையும் சேர்த்து எண்ணியதுதான் பிழை. ஒன்பது கொட்டை வையுங்கள். ஒன்றைக் கையில் எடுத்த பிறகுதான் "எட்டு" என்று வாய் திறக்க வேண்டும்.

காத்தான்குடி: மகளுக்கு நான்கு வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பக்கம் பக்கமாகக் கணக்குச் செய்கிறது.

பதில்: நான்கு வயதுக்குக் கொப்பி வேண்டாம். சாப்பாட்டு நேரம் ஆளுக்கொரு பீங்கான் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒன்று குறைகிறதா, கூடுகிறதா என்று கேளுங்கள்.

வாழைச்சேனை: முன்பள்ளி மகன் இன்னும் கூட்டல் எழுதவில்லை. புலமைப்பரிசிலுக்குப் பிந்திவிடுவானோ?

பதில்: காத்தான்குடித் தாய்க்குச் சொன்னதுதான். அந்தப் பரீட்சை தரம் 5 இல். இதே கேள்வி இன்று பலரிடமிருந்து வந்துவிட்டது, இனித் தனித்தனியே எழுதமாட்டேன்.

கல்முனை, ரியூஷன் ஆசிரியர்: விரல் விட்டு எண்ணுவதை நான் முதல் நாளே நிறுத்திவிடுவேன். கையைக் கட்டிக்கொண்டுதான் விடை சொல்ல வேண்டும்.

பதில்: இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் சேர். தரம் 1 பிள்ளைக்குக் கணக்குச் சாமான் அந்தக் கைதான்.

அவரே: தரம் 4 இலும் விரலை எண்ணுகிறார்களே?

பதில்: எண்ணுகிறார்கள். அது விரலின் குற்றமல்ல, பத்தாக்கப் பழக்காததுதான் காரணம். 8+5 இல், எட்டு பத்தாக இரண்டு வேண்டும். ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரித்தால் பத்தும் மூன்றும் 13. எந்த எண்ணுக்கு எது பத்தாக்கும் என்பதை விரலே காட்டும்: ஏழை நீட்டினால் மடங்கிய மூன்றும் கண்முன்னே நிற்கும். இது மனதில் பதிந்த பிள்ளை விரலைத் தானே விட்டுவிடும்.

கொக்கட்டிச்சோலை: என் மகன் வகுப்பில் மேசைக்கடியில் விரலை ஒளித்து எண்ணுகிறான் ரீச்சர். கண்டால் அடி விழுமாம்.

பதில்: பாருங்கள் சேர், இதைத்தான் சொல்கிறேன். ஒளித்து எண்ணும் பிள்ளை எந்த இடத்தில் பிழைக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? தங்கச்சி, வீட்டில் மேசைக்கு மேலேயே எண்ணச் சொல்லுங்கள். அடிக்க வேண்டாம் என்று அங்கே போய் நேரில் கேளுங்கள்.

திருக்கோவில்: மகன் 42−17 க்கு 35 என்று எழுதுகிறான்.

பதில்: இரண்டில் ஏழு போகாது என்று ஏழில் இரண்டைக் கழித்துவிட்டான். ஈர்க்கில் துண்டுகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டுங்கள். நான்கு கட்டு, தனியாக இரண்டு. அதில் 17 கேளுங்கள். ஏழு தர ஒரு கட்டை அவிழ்த்தே ஆகவேண்டும். மிச்சம் இரண்டு கட்டும் ஐந்தும். அவன் எழுதிய 35 ஐ அதன் பக்கத்தில் வைத்து, எது சரியென்று அவனையே கேளுங்கள்.