மின்சார ஸ்கூட்டருக்கு லைசன்ஸ் வேண்டாம் என்று கடையில் சொல்கிறார்கள். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஓட்ட வாங்கலாமா?

லைசன்ஸ் வேண்டும் தம்பி. பெட்ரோல் ஊற்றினாலும் கரண்ட் ஏற்றினாலும் இலங்கையில் அது மோட்டார் சைக்கிள்தான். பதிவு, இலக்கத் தகடு, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், ஹெல்மட் எல்லாம் வேண்டும். புகைப் பரிசோதனை மட்டும்தான் இல்லை. "சைக்கிள் மாதிரித்தான், பொலிஸ் பிடிக்காது" என்று விற்கிறவர், பிடித்தால் வந்து நிற்கமாட்டார்.

பெட்ரோல் செலவு தாங்காமல்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2022இல் வரிசையில் நின்ற யாருக்கும் அந்த ஆசை வரும். ஆனால் என் அம்மாவை இடித்தது அப்படி நம்பர் இல்லாத ஒரு ஸ்கூட்டர்தான்.

தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டம். பின்னேரம் அம்மா பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, ஏறிக்கொண்டிருந்தார். நல்ல மூடுபனி. பெட்ரோல் பைக் என்றால் வளைவுக்கு அந்தப் பக்கமே சத்தம் கேட்கும், ஒதுங்கிவிடலாம். இது இறக்கத்தில் லைட்டும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் வந்தது. குளிருக்குத் தலையை மூடியிருந்த அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

ஓட்டியவன் தோட்டத்தின் பக்கத்துப் பிரிவுப் (டிவிசன்) பையன், ஸ்கூல் படிக்கிறவன். பிரேக் பிடித்துத்தான் இருக்கிறான். மேலிருந்தே பிடித்துக்கொண்டு வந்ததில் சூடேறிப் பிடிக்காமல் போய்விட்டது. பெட்ரோல் பைக்கில் கியரைக் குறைத்தால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். மலிவான மின்சார ஸ்கூட்டரில் அது கிடையாது, முழுப் பாரமும் பிரேக்கில்தான். மோட்டாரே பிரேக்காக வேலை செய்கிற வகையும் உண்டு. ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அது சரியாகப் பிடிக்காது. நாம் ராத்திரி மேலே சார்ஜ் போட்டு, காலையில் நிறைந்த பேட்டரியோடுதானே டவுனுக்கு இறங்குகிறோம்!

பதிவில்லாத வண்டி, அதனால் காப்புறுதியும் இல்லை. அவனுடைய அம்மாவும் கொழுந்து எடுக்கிறவர். யாரிடம் போய் நட்டஈடு கேட்பது?

நான் மின்சார வண்டிக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பதிவுள்ளதை, நல்ல பிரேக் உள்ளதை வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். பையன் மேலே மட்டும் பழி போடவும் எனக்கு மனசில்லை. அந்த வளைவில் கல் பெயர்ந்து கிடக்கிறது. பாதையைத் திருத்தக் கேட்டால், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்றார்கள் சபைக்காரர்கள். தோட்டத்துக்குள்ளும் செலவழிக்க வழிவிட்டு 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் இன்றைக்கும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால் சபையிடம் போ என்கிறார்கள், சபையைக் கேட்டால் நிர்வாகத்திடம் போ என்கிறார்கள். வரி கட்டாத ஆட்களா நாங்கள்? கடையில் வாங்குகிற ஒவ்வொரு சாமானுக்கும் கட்டுகிறோம்.

சரி, வாங்குவதென்றால் இதையும் பாருங்கள். லயத்துக் காம்பராவுக்குள் (அறைக்குள்) சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வயரிங் பழசு, தீப்பிடித்தால் வெளியே ஓட ஒரே வாசல். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வாசலை மறித்து வைப்பதும் ஆபத்துதான். பேட்டரியைக் கழற்றக்கூடிய மாடலாக எடுத்து, வாசலுக்குத் தள்ளி, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள்.