பெட்ரோலியம் சீட்டுக்காகத் தோட்டத்தை அடகு வைக்கலாமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

போன சனிக்கிழமை கோத்தகிரியிலிருந்து பாப்பாவை அழைத்துக்கொண்டு குன்னூர் வந்தீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதிப் பேச்சில் எழுந்து போக வேண்டியதாயிற்று. மீதியை எழுதிவிடுகிறேன். பெட்ரோலியம் இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் சீட்டுக்காக ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டீர்கள். வைக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஷேல் வாயுவால் அமெரிக்காவில் எரிவாயுத் தொழில் பெருகிவிட்டது என்று ஹூஸ்டனில் இருக்கும் உங்கள் உறவுக்காரப் பையன் சொன்னது பொய் இல்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் இயற்கை எரிவாயுவில் ஷேல் என்னும் களிப்பாறையிலிருந்து வந்தது நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தாலே அதிகம். இன்று முக்கால் பங்குக்கு மேல் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் அது அந்த நாட்டுக் கதை. நம் நாட்டில் 2011 தொடக்கத்தில் மேற்கு வங்கத் துர்காபூர் பக்கம் மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி தோண்டிய கிணற்றில் ஷேல் வாயு தென்பட்டது. 2013-இல் மத்திய அரசு இதற்கென்று கொள்கையும் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வணிக அளவில் உற்பத்தி என்று ஒன்றும் வரவில்லை. தமிழ்நாட்டில் ஷேல் இருப்பதாகச் சொல்லப்படும் இடம் காவிரிப் படுகை. 2020-இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், அங்கே புதிதாகச் செய்யக் கூடாதவை என்று பட்டியலிட்டதில் ஷேல் வாயு எடுப்பதும் ஒன்று. கல்லூரி நோட்டீஸில் இந்த வரி இருக்காது.

பாப்பா அன்று ஒரு கேள்வி கேட்டாள், கவனித்தீர்களா? நீங்கள் ஃபீஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "மேடம், கல்லுக்குள்ளே கேஸ் எப்படிப் போச்சு?" என்றாள். இதை வேறு எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. நான் அலமாரியிலிருந்து பழைய கல் சிலேட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கடலடியில் படிந்த களிச்சேறு இறுகினால் ஷேல். அதுவே பூமிக்குள் இன்னும் சூடும் அழுத்தமும் பட்டால் சிலேட்டு. சேற்றோடு புதைந்த பாசியும் நுண்ணுயிரும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் வாயுவாகிவிட்டன. வெளியே வர வழியில்லாமல் பாறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. அதனால்தான் இரண்டு மூன்று கிலோமீட்டர் கீழே துளைத்து, அங்கிருந்து பக்கவாட்டில் திருப்பி, தண்ணீரும் மணலும் ரசாயனமும் கலந்து பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். அந்த மணல், பிளந்த விரிசல் மூடிக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கும். பாப்பா சிலேட்டின் விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மன்னார்குடியில் இருக்கும் உங்கள் மச்சான், இந்தப் படிப்பு பாவம் என்று சொன்னதாக வருத்தப்பட்டீர்கள். காவிரி டெல்டாவில் மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசப் போன இடத்தில்தான் 2013 டிசம்பர் 30 அன்று நம்மாழ்வார் ஐயா காலமானார். அந்த மண்ணில் வாழ்கிறவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு கிணற்றைப் பிளக்க ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 800 நடைக்கு மேல். திரும்பி வரும் தண்ணீர் கடுமையான உப்பு. சில இடங்களில் கதிரியக்கப் பொருளும் கலந்து வரும். அதை ஆழத்தில் திணித்ததால் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நிலநடுக்கங்கள் பெருகின. 2016-இல் ஒன்று 5.8 அளவுக்குப் போனது. பிரான்ஸ் 2011-லேயே இந்த முறைக்குத் தடை போட்டது. நிலக்கரியைவிட எரிவாயு பாதியளவு கரியமில வாயுதான் விடும் என்பது உண்மை. ஆனால் அந்த எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன்தான். அது எரியாமல் கசிந்தால், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 80 மடங்கு சூடேற்றும். டெல்டாவில் இது கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் பாறையைப் படிப்பது பாவமில்லை, அண்ணா. ஆழ்துளையில் என்ன நடக்கிறது என்று கேட்டு அறிந்து சொல்ல ஊர்ப் பக்கமும் படித்த ஆள் வேண்டும்.

என் மனதை உறுத்தும் ஒன்றையும் சொல்கிறேன். 2013-இல் ஒரு மாணவனை நானே பெட்ரோலியம் படிக்கச் சொன்னேன். அப்போது கச்சா எண்ணெய் பேரல் 100 டாலருக்கு மேல். அவன் முடிப்பதற்குள், 2016 ஜனவரியில், 30-க்கும் கீழே இறங்கிவிட்டது. கல்லூரி வாக்குக் கொடுத்த வேலை எதுவும் வரவில்லை. இரண்டு வருஷம் வீட்டில் இருந்தான். பச்சை இலைக்கு விலை இறங்கும்போது நீங்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். பிள்ளையின் நாற்பது வருஷ வாழ்க்கையையும் ஒரே சரக்கின் விலையில் கட்டிவைக்க வேண்டாம்.

பாப்பாவுக்கு நான் சொல்வது பி.எஸ்சி. ஜியாலஜி, பாறையையும் மண்ணையும் பற்றிய படிப்பு. ஜியாகிராபி இல்லை, விண்ணப்பத்தில் இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் கிடைத்துவிட்டால் கட்டணம் உங்கள் கைக்கு அடங்கும். அரசுப் பள்ளியிலேயே படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அடுத்து ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடியில் எம்.எஸ்சி. அதன்பின் யுபிஎஸ்சி நடத்தும் புவி விஞ்ஞானி தேர்வு. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். எண்ணெய் நிறுவனங்களும் ஜியாலஜிஸ்ட்டை எடுக்கும். வாயுதான் வேண்டும் என்று அவள் அப்போதும் நினைத்தால் அந்தக் கதவும் திறந்தே இருக்கும். இன்ஜினியரிங்தான் என்று பிடிவாதமாக இருந்தால் அரசு நடத்தும் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் போகட்டும். கட்டணத்தை அரசே ஏற்கிறது. சிவில் எடுக்கலாம்.

நம் மலையில் ஷேல் கிடையாது. காலடியில் இருப்பது சார்னோக்கைட். சுமார் 250 கோடி ஆண்டு வயதான பாறை. அது உளுத்துச் செம்மண்ணாகி, மழையில் ஊறிச் சரிவதுதான் நம் பிரச்சினை. 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் மண்ணில் புதைந்து போனார்கள். உங்கள் தோட்டத்து மேல்வரப்பு இறங்கியதும் அந்த மழையில்தான் என்றீர்கள். எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்ல இந்த மலையிலேயே பிறந்தவள் ஒருத்தி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வெயிலில் நடக்கிற வேலைதான். தேயிலை மேட்டில் ஏறி இறங்கி வளர்ந்தவளுக்கு அது பாரமாக இருக்காது.

அடுத்த சனிக்கிழமை வாருங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று மூன்றும் வேண்டும். அந்தக் கல்லூரிக்கு முன்பணம் ஏதும் கட்டியிருந்தால் ரசீதையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். திரும்பக் கேட்டு நானே கடிதம் எழுதித் தருகிறேன். சிலேட்டை பாப்பா பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளிடமே இருக்கட்டும்.